பங்குனிக் கீரையும் பச்சை உப்பும்

பங்குனி பிறந்துவிட்டால் முருகம்மாளிடம் மனுஷர் பேச முடியாது. அச்சங்குளத்துச் சனமெல்லாம் மாரியம்மன் பொங்கலுக்கு யார் யார் வீட்டுக்கு விருந்தாள் வருவார்கள் என்று பேசிக்கொண்டிருக்கும். வேம்பு துளிர்த்து, பூத்து, தெருவே மணக்கும். இவள் மட்டும் வீட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து கத்தரி இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகம் கிடக்கிற கிடையைப் பார்த்து, "என்ன முருகம்மா, புள்ளைக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பதறிக் கேட்டிருக்கிறேன். "கத்தரியில அசுவினிப் பூச்சி வந்துருச்சுடி, கொஞ்சம் சாம்பல் இருந்தா குடு" என்பாள். எனக்கு வருகிற எரிச்சலில் அந்தச் சாம்பலை அவள் தலையிலேயே கொட்டலாம் போலிருக்கும்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ரெண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற இடம். நடுவில் அரைக்கீரைப் பாத்தி, ஓரத்தில் கத்தரியும் மிளகாயும், கூரைமேல் ஏற்றிவிட்ட சுரைக்கொடி. குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கற்பூரவல்லி, அதை ஒட்டித் திருநீற்றுப்பச்சை. வேலி முழுக்கத் தூதுவளை. கம்பெனியில் மருந்துத்தூள் நெஞ்சில் ஏறி லொக்கு லொக்கென்று இருமுகிற பெண்களெல்லாம் தூதுவளைக்கு அவளிடம்தான் வந்து நிற்போம். பட்டாசுக்கு அடைக்கிற கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். அந்த மருந்துக்கு இந்த மருந்து என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆனால் நம்மை ஒரு இலை பறிக்க விடமாட்டாள். கொடிக்கு வலிக்குமாம்.

கவலை என்றால் அப்படி ஒரு கவலை. கோழி கிளறிவிடுமோ, ஆடு வேலியைத் தாண்டிவிடுமோ, பூ வைத்தால் உதிர்ந்துவிடுமோ, காய் பிடித்தால் கண் பட்டுவிடுமோ என்று இருபத்துநாலு மணி நேரமும் அதே நினைப்பு. கண்ணேறு கழிக்கக் கரிச்சட்டி ஒன்றில் சுண்ணாம்புப் புள்ளி குத்திக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தச் சட்டி காற்றுக்கு விழுந்து உடைந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு கவலை.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் கை அடுத்தவர் காட்டில்தான் வேலை செய்தது. பெரிய வீட்டு மிளகாய்த் தோட்டத்தில் களையெடுத்தாள், பருத்தி எடுத்தாள், கம்பங்கதிர் அறுத்தாள். அதில் ஒரு செடிகூட அவளுடையது இல்லை. கல்யாணமாகி வந்து நுழைந்த வீடும் பெரிய வீட்டார் ஒதுக்கிவிட்ட இடத்தில்தான் நின்றது. பின்னால் குப்பைமேடாய்க் கிடந்த இடத்தில் கல்லைப் பொறுக்கி, கண்மாயிலிருந்து கரம்பை மண்ணைச் சுமந்து கொட்டித் தோட்டமாக்கியது அவள்தான். நான் வைத்தேன், முளைத்தது என்று அவள் சொல்லிக்கொள்வதற்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது.

தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் தெருக் கிணறு பங்குனியில் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். பெரிய வீட்டுக் கமலைக் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது ரெண்டு குடம் மோந்துகொள்ளலாம் என்று ராமுத்தாய் உத்தரவு கொடுத்திருந்தாள். ராமுத்தாய்தான் பெரிய வீட்டு அம்மா. புருஷன் பெத்தணன் போய்ச் சேர்ந்த பிறகு வீடு, காடு, மகன், மருமகள் எல்லாவற்றையும் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்தவள். அந்த ரெண்டு குடம் தண்ணீருக்காக, தோட்டத்தில் எது பறித்தாலும் முதல் பறிப்பு பெரிய வீட்டுக்கு என்று முருகம்மாள் வைத்துக்கொண்டாள். அது போய்ச் சேராமல் அவள் வீட்டில் ஒரு இலையை நாக்கில் வைக்கமாட்டார்கள்.

நம் கையால் சமைத்ததை அந்த வீட்டார் தொடமாட்டார்கள். பச்சையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அதையும் கையில் வாங்கமாட்டார்கள். கொல்லைப்பக்கம் போய் நின்று "தாயி" என்று குரல் கொடுத்து, மாட்டுத்தொழுவத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு வரவேண்டும். "வச்சுட்டுப் போ முருகம்மா, போன தடவை உன் கீரை நல்லா இருந்துச்சு" என்று உள்ளேயிருந்து ராமுத்தாயின் குரல் வரும். அந்தப் பேச்சு ஒன்றுக்கு இவள் வாரம் பூராவும் பூரித்துத் திரிவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வானம் தொடர்ந்து ஏமாற்றிய வருஷங்களில்தான் மேற்கே தரிசுக் காட்டில் பட்டாசுக் கம்பெனி வந்தது. எங்கள் தெருப் பெண்கள் முதலில் போனோம். நானும் முருகம்மாளும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுற்றினோம். அவள் புருஷன் சோணைமுத்து மட்டும் வரமாட்டேன் என்று நின்றான். பெரிய வீட்டு ஏரைப் பிடித்த கை மூட்டை தூக்குவதா என்று அவனுக்கு ரோசம். அறுபத்திரண்டாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்துதான், வேறு வழியில்லாமல், லோடு இறக்குகிற வேலைக்கு வந்து சேர்ந்தான்.

அந்த வருஷம் பங்குனியில் முருகம்மாளின் கவலை ஒரு படி கூடிவிட்டது. பெரிய வீட்டு மருமகள் முத்துப்பேச்சி ஏழு மாசம் முழுகாமல் இருந்தாள். கமுதிப் பக்கத்துப் பெண், தலைப்பிரசவம். நல்ல குணம்; வாய்க்காலில் இவள் தண்ணீர் மோக்கும்போது பார்த்தால் நின்று ரெண்டு வார்த்தை பேசுவாள். "வயித்துப்புள்ளக்காரிக்குக் கீரை குடுக்கணும்டி. இங்கன பாரு, கீரை கிடக்கிற லெச்சணத்தை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள் முருகம்மாள். பாத்தி முழுக்க மஞ்சள் பிடித்துக் கிடந்தது. கமலைக் கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டதால் தெருக் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தாள். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கீரைக்கு அழுத பொம்பளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சோணைமுத்துவும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குப் பெண்டாட்டி மேல் உயிர். வாய்திறந்து சொல்லத் தெரியாதே தவிர, உயிர்தான். அதனால் வந்த வினை இது.

பெரிய வீட்டுப் பருத்திக்கு வெள்ளையாய் ஒன்றைத் தூவச் சொல்வார்கள். உரம்தான், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு உப்பு என்று பேர். காட்டுக்கு உப்புப் போட்டாச்சா என்றுதான் கேட்போம். தூவிக் கொஞ்ச நாளில் பயிர் கருகருவென்று எழும்பி நிற்கும். எத்தனையோ வருஷம் அந்த உப்பைத் தூவியவன் சோணைமுத்து. இப்போது கம்பெனிக் கிட்டங்கியில் மூட்டை அடுக்கும்போது யாரோ, "ஏலே, அந்தப் பச்சை உப்பை இங்கன போடு" என்றிருக்கிறார்கள். இவன் மூட்டையைப் பார்த்தான். கிழிசல் வழியாக வெள்ளைவெளேரென்று சிந்திக் கிடந்தது. வெள்ளையாக இருக்கிற உப்புக்குப் பச்சை உப்பு என்று எதற்குப் பேர் வைப்பார்கள்? பயிரைப் பச்சையாக்கும், அதனால் வைத்திருக்கிறார்கள். அவன் புத்திக்கு அப்படித்தான் பட்டது. சத்தியமாய்ச் சொல்கிறேன், என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். காடு தவிர வேறெதையும் பார்க்காத சனம் நாங்கள். உப்பு என்றால் ஒன்று சோற்றுக்கு, இல்லாவிட்டால் பயிருக்கு.

சிந்தியதைக் கூட்டித் துண்டில் முடிந்துகொண்டு வந்தான். முருகம்மாள் கடைக்குப் போயிருந்தபோது குடத்தில் கரைத்து இலைமேலும் தண்டுமேலும் தெளித்துவிட்டான். அடுத்த ரெண்டு மூன்று நாளும் அதேபோலச் செய்தான்.

அடேயப்பா, அந்தக் கீரை எழும்பின எழுப்பத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மஞ்சள் போன இடம் தெரியவில்லை. கரும்பச்சையாக, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நின்றது. மாரியம்மன்தான் கண் திறந்துவிட்டாள் என்று முருகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கம்பெனி விட்டு வந்ததும் அரிந்து, வாழைநாரில் கட்டி, விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே பெரிய வீட்டுத் தொழுவத்துச் சுவரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ராத்திரியில் யாரும் கீரை திங்கமாட்டார்கள். மறுநாள் மத்தியானத்துக்குத்தான் அது அடுப்பேறும்.

திரும்பி வந்தவளிடம் சோணைமுத்துவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அம்மன் கண்ணத் தொறந்தாளாக்கும்? நான்ல தொறந்தேன்."

"நீங்க என்ன செஞ்சீக?"

"கம்பெனியில பச்சை உப்புன்னு ஒண்ணு கெடக்கு. அள்ளியாந்து போட்டேன். எப்பிடி?"

"அட கூறுகெட்ட மனுசா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?" என்று அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். சந்தோஷ அடி. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. எனக்கும் கொஞ்சம் அள்ளி வரச் சொல்லலாமா என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் கம்பெனியில் ஒரே கூப்பாடு. வாசலுக்கு வெளியே ஒரு வெள்ளாடு காலை உதறிக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. உதறி உதறிச் சீக்கிரமே அடங்கிவிட்டது. அதன் பக்கத்தில் ஈரமாக ஒரு காலிச் சாக்கு. போர்மேன் இராமகிருஷ்ணன் கத்திய கத்தில் குழாய் சுற்றின கை எல்லாருக்கும் நின்றுபோயிற்று.

"பச்சை உப்புச் சாக்கை வெளிய போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! ஆட்டுக்காரன் வந்து நின்னா எவன் பதில் சொல்றது? இதுவே ஒரு புள்ள நக்கியிருந்தா?"

முருகம்மாள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். அவள் கையிலிருந்த பசை சேலையெல்லாம் வழிந்தது.

"அண்ணாச்சி, பச்சை உப்புன்னா உரம்தானே?"

"உரமா? யாரு சொன்னா? மத்தாப்பு பச்சையா எரியுதுல்ல, அதுக்குப் போடுறது. விசம். வயித்துக்குள்ள போனா ஆடு என்ன, ஆளே காலி."

அவள் கறுப்பு முகம் சாம்பலாகிப் போனதை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கீரை. முத்துப்பேச்சி. ஐயோ, வயிற்றுப்பிள்ளைக்காரி.

"மணி என்ன அண்ணாச்சி?" என்றாள். பத்தரை என்றார். உலை வைக்கிற நேரம். வாசல்காரன் மறித்து, "இடையில போனா நாளைக்கு வராதே" என்றான். அவனைத் தள்ளிவிட்டு ஓடினாள். கூட ஓட எனக்குக் கால் எழவில்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவள் சொல்லியும், பெரிய வீட்டு வண்டிக்காரன் மொக்கைச்சாமி சொல்லியும் நான் தெரிந்துகொண்டது.

பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த மாறு மட்டும் நிற்கிற காடு. வெடித்துக் கிடக்கிற கரிசல், அடுப்புமேல் வைத்த சட்டி மாதிரி சுட்டது. செருப்பில்லை. ஓடும்போது அவள் மனசு ரெண்டாகக் கிடந்து அடித்துக்கொண்டதாம். போய் என்ன சொல்வது? உங்க மருமகளுக்கு விசத்தைக் கொடுத்தேன், திங்காதீக என்றா? சோணைமுத்து ஏரை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனதிலிருந்து ராமுத்தாய்க்கு அவன் பேரைக் கேட்டாலே ஆகாது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொன்னால் யார் மறுப்பார்? போலீஸ் வரும். அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இருக்கிற வீட்டைப் பிரித்துப் போடுவார்கள். பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்ததாம். கொஞ்சமாகத்தான் தின்பாள், ஒன்றும் ஆகாது என்று. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் வாயிலேயே அறைந்துகொண்டு ஓடினாள். நல்லது. நானாக இருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியாது.

பெரிய வீட்டுக் கொல்லையில் ஆளில்லை. "தாயி! தாயி!" என்று அலறினாள். சுவர்மேல் கீரை இல்லை. தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மாட்டுத்தொட்டியில், வைக்கோலுக்கு மேலே, அவள் கட்டின வாழைநார் கிடந்தது. பசு ஒன்று கரும்பச்சைத் தண்டைக் கடைவாயில் வைத்து அரைத்துக்கொண்டு நின்றது.

முருகம்மாள் பாய்ந்து அதன் வாய்க்குள் கையைவிட்டுத் தண்டை இழுத்தாள். மாடு மிரண்டு முளையைச் சுற்றியது. சத்தம் கேட்டு ராமுத்தாய் ஓடிவந்தாள்.

"ஏட்டி, என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? மாட்டை என்னத்துக்குப் போட்டுக் கொல்லுத?"

"தாயி, அந்தக் கீரையத் திங்காதீக தாயி! அதுல விசம் கெடக்கு. கம்பெனி உப்பை உரம்னு நெனச்சுத் தெரியாமப் போட்டுட்டோம். சின்னத்தாயி தின்னாகளா? சொல்லுங்க தாயி, தின்னாகளா?"

ராமுத்தாய்க்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மாட்டைத்தான் பார்த்தாள்.

"நாங்க எங்கன தின்னோம்? நீ கொண்டாரது என்னைக்கும் மாட்டுக்குத்தான். அய்யோ, என் செவலைப் பசுவு! நெறைசினையா நிக்கிதேடி!"

முருகம்மாள் அப்படியே சாணிமேல் உட்கார்ந்துவிட்டாள். முத்துப்பேச்சி தின்னவில்லை. உயிர் வந்தது. அந்த உயிரோடு கூட இன்னொன்றும் வந்தது. மாட்டுக்குத்தான், என்றைக்கும். அவள் இலை இலையாகப் பார்த்துப் பூச்சி எடுத்து, பிஞ்சு பார்த்துப் பறித்து, நார் கிழித்துக் கட்டி எடுத்துவந்ததெல்லாம். நல்லா இருந்துச்சு என்றார்களே, அது மாடு சொன்ன சேதி போலிருக்கிறது. அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று கேட்டேன். "ரெண்டும் சேந்துதான் வந்துச்சுடி" என்றாள்.

அப்போதுதான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு முத்துப்பேச்சி நின்றிருந்ததைப் பார்த்தாள். பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்திருந்தது.

"முருகம்மா, நான் தின்னேனே."

முருகம்மாள் சாணிமேலிருந்து எழுந்தாள்.

"அத்தை மாட்டுக்குப் போடும்போது ஒரு கைப்பிடி எடுத்து ஒளிச்சு வச்சுக்கிடுவேன். ரெண்டு மாசமா அதுதான் வாய்க்கு எறங்குது. இன்னைக்கு அத்தை கோயிலுக்குப் போன நேரம் வதக்கி, கஞ்சிக்குத் தொட்டுக்கிட்டேன். அப்பயிருந்து ஒதடு மரத்துக் கெடக்கு. கால்ல பலமில்லாம வருது. மசக்கைன்னு நெனச்சேன்."

"இவளுக வீட்டுக் கீரையவா தின்னே?" ராமுத்தாயின் வாயில் முதலில் வந்த பேச்சு இதுதான். மொக்கைச்சாமி சத்தியம் பண்ணிச் சொன்னான். அவ்வளவு நேரம் வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றவன் அவன்.

முருகம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எந்த நாளும் மிதிக்காத படியை மிதித்து ஏறினாள். முத்துப்பேச்சியின் பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, வாய்க்குள் விரலைவிட்டுக் குடைந்தாள். வெந்நீரை ஊற்றி மறுபடியும் குடைந்தாள். பச்சை பச்சையாக வெளியே வந்தது. ராமுத்தாய் தடுக்கக் கை நீட்டி, தடுக்காமல் அப்படியே நின்றாள்.

மகன் செல்லப்பாண்டி விருதுநகருக்கு வத்தல் மூட்டையோடு போயிருந்தான். ஆம்பிளை இல்லாத வீடு. மொக்கைச்சாமி வில்வண்டியைப் பூட்டினான். மாமியாரும் மருமகளும் ஏறினார்கள். முருகம்மாள் வண்டிக்குப் பின்னால் ஓடிவருவதாக இருந்தது. ஆனால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் முத்துப்பேச்சிக்குக் கழுத்து நிற்கவில்லை. வண்டி குலுங்கிய குலுக்கலில் தலை சட்டத்தில் இடித்தது. ராமுத்தாயால் ஒற்றையாய்த் தாங்க முடியவில்லை.

"ஏறித் தொலையேன்டி! என்ன ஊர்வலமா வாற?" என்று கத்தினாள்.

முருகம்மாள் ஏறி முத்துப்பேச்சியை மடியில் கிடத்திக்கொண்டாள். சாத்தூர் ரோட்டுக்கு வண்டி ஏறியபோது அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "அசையல முருகம்மா" என்றாள். "காலையில உதைச்சான். இப்ப அசையல."

முருகம்மாள் நாலு பெற்று ரெண்டைப் புதைத்தவள். அதில் ஒன்று வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வயிறு அதே வயிறாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிடும். அதை அவள் சொல்லவில்லை. "தூங்குது தாயி, தூங்குது" என்றாள். மொக்கைச்சாமியிடம், "அடிச்சு ஓட்டுங்கண்ணே, ஒங்க காலுல விளுறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிட்டார்கள் என்பது. ராமுத்தாய் தொண்டையைக் கனைத்து, "ஏதோ சேராத சாப்பாடு" என்றாள். அந்த நேரத்திலும் கௌரவம்! முருகம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"பச்சை உப்பு போட்ட கீரைய்யா. நான் குடுத்தது. மத்தாப்பு பச்சையா எரியுறதுக்குப் போடுற உப்பு. தெரியாமப் போட்டுட்டோம். என்னைப் புடிச்சுக் குடுத்துருங்க, அந்தப் புள்ளையக் காப்பாத்துங்க."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. கம்பெனிகள் நிறைந்த ஊர், அவருக்கு விவரம் உடனே புரிந்தது. கம்பவுண்டரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். அவன் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, வெள்ளையாக ஒரு பொடியைப் போட்டுக் கலக்கினான்.

"அதென்னய்யா?" என்றாள் முருகம்மாள்.

"பேதி உப்பு."

"அய்யோ, மறுபடியும் உப்பா? வேண்டாம்யா, வேண்டாம்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த உப்பை இந்த உப்புதாம்மா முறிக்கும், விடு" என்று அவளை வெளியே தள்ளினார்கள். முத்துப்பேச்சி அவள் கையை விடவில்லை. அதனால் பாதித் தூரம்தான் தள்ள முடிந்தது. அப்படியே கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் ஸ்டூலில் ராமுத்தாய்.

முத்துப்பேச்சி குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். வெயில் சன்னலைத் தாண்டி அந்தப் பக்கச் சுவருக்கு ஏறிப்போனது. ராமுத்தாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தாள். "என் வீட்டு வாரிசுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் வீட்டைத் தீ வச்சுக் கொளுத்துவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒன் புருசனை உசுரோட விட்டா நான் ராமுத்தாய் இல்லை." இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் கரகரத்துப்போய், "மாரியாத்தா, பசுவை எடுத்துக்கோ. இதை விட்டுரு" என்று மட்டும் வந்தது.  சோணைமுத்து எங்கே இருப்பான், ஆடு செத்த சேதி அவன் காதுக்கு எட்டியிருக்குமா, எட்டியிருந்தால் என்ன செய்துகொள்வான் என்று முருகம்மாளின் நினைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

உதடு மரத்தது தெளிகிறது என்றாள் முத்துப்பேச்சி. காலை மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, தாய்க்குப் பயமில்லை என்றார். பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்குக் குழல் வைத்துக் கேட்டார். நகர்த்தி வைத்துக் கேட்டார். வாந்தி நிற்கட்டும், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

முத்துப்பேச்சி கண்ணை மூடி அழுதாள். பிறகு முருகம்மாளின் கையை இழுத்துச் சேலையை விலக்கித் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஒன் கைக்குத் தெரியுதா, பாரு."

கம்பெனிப் பசை காய்ந்து பொருக்கு விட்டிருந்த கை. மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முருகம்மாளுக்குத் தெரியும். எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. விலாப்பக்கம் நகர்த்தினாள், அடிவயிற்றுக்கு நகர்த்தினாள். ஒன்றுமில்லை. ஆளில்லாத வீடு. அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்ததாம். அது அவளுக்கே கேட்கவில்லை, ராமுத்தாய்க்குக் கேட்டுவிட்டது.

"ஏட்டி, என்ன? சொல்லு, என்ன?"

முருகம்மாள் கையை இடப்பக்கம் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். கைக்குக் கீழே மெல்ல ஒரு புரளல். அப்புறம் நின்றது. நிஜமா, தன் நெஞ்சுத் துடிப்பா என்று தெரியாமல் தவித்தாள். பிறகு நல்லா ஒரு உதை. உள்ளங்கை தூக்கிப்போடுகிற மாதிரி.

முருகம்மாள் நிமிர்ந்தாள். ராமுத்தாயைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ராமுத்தாய் ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எட்டி வந்து தன் கையைப் போட்டாள். வயிற்றின்மேல் இடம் தேடவில்லை. முருகம்மாள் கைமேலேயே போட்டு அழுத்தினாள்.

"உதைக்குது" என்றாள் ராமுத்தாய்.

"ஆமா தாயி. உதைக்குது."

"நல்லா உதைக்குதாடி?"

"நல்லா உதைக்குது தாயி."

முத்துப்பேச்சி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அந்தக் கை ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தன. டாக்டர் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் ராமுத்தாய் தன் கையை எடுத்து, சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வேர்வையாகவும் இருக்கலாம். முருகம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கையை எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.